பன்னிரண்டு மொட்டைகளும் ஒரு கட்டைவிரலும்

கால்நடை ஆராய்ச்சிப் பண்ணையில் மூச்சம்மா என்று கேட்டுப் பாருங்கள், கேட் காவலாளியிலிருந்து பெரிய டாக்டர் வரைக்கும் கை காட்டுவார்கள். அவளுடைய சொந்தப் பெயர் வேண்டுமென்றால் வருகைப் பதிவேட்டைப் புரட்டித்தான் பார்க்க வேண்டும். பதினாறு வருஷமாக அவளுக்கு ஒரே வேலை. மாடு மூச்சு விடுவதை எண்ணுவது. சிரிக்காதீர்கள், விளையாட்டு வேலை இல்லை அது. வெயில் ஏற ஏற மாட்டுக்கு உடம்பு கொதிக்கும். நம்மைப் போல அதற்கு வேர்த்துக் கொட்டாது, மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியே தள்ள வேண்டும். ஆக, மூச்சை எண்ணினால் மாடு எவ்வளவு அவஸ்தைப்படுகிறது என்று தெரிந்துவிடும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் மத்தியானம் ரெண்டு மணிக்கு, தகரக் கூரைக்கு அடியில், ஒரு நிமிஷம் கண்ணைச் சிமிட்டாமல் நின்று அதை எண்ண ஆள் வேண்டுமே! படித்தவர்களெல்லாம் அந்த நேரத்தில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து கட்டுரை எழுதிக்கொண்டிருப்பார்கள்.

அவள் கொட்டகை கழுவத்தான் வந்து சேர்ந்தாள். மகளுக்குச் சின்ன வயசில் இளைப்பு. பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பிஞ்சு விலா ஏறி இறங்குவதைப் பார்த்துப் பார்த்தே இவளுக்குக் கண் பழகிவிட்டது. ஒரு நாள் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஏழாம் நம்பர் மாட்டுக்கு மூச்சு சரியில்லீங்க" என்றாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் ஏழாம் நம்பர் படுத்த படுக்கை. அதோடு துடைப்பம் போயிற்று, கைக்கு டக்கு வந்தது. டக்கு என்றால் உள்ளங்கைக்குள் அடங்குகிற எண்ணும் கருவி. கட்டைவிரலால் அழுத்தினால் 'டக்' என்று ஒரு எண் ஏறும். மாட்டிலிருந்து ஆறடி தள்ளி நின்று, பின்னங்காலுக்கு முன்னால் இருக்கிற விலாக்குழியைப் பார்க்க வேண்டும். குழி ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒரு டக். அந்த மகள் இன்றைக்கு மாடி மாடியாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறாள், இளைப்பு போன இடம் தெரியவில்லை.

இப்போது மொட்டைகள் கதைக்கு வருவோம். பண்ணையில் இனப்பெருக்கப் பிரிவுக்கு ஒரு மேடம் இருக்கிறார்கள். பதினொரு வருஷமாக அந்த அம்மாவுக்கு ஒரே பைத்தியம். ரோமம் மிகக் குட்டையாக, பட்டுப் போல உடம்போடு ஒட்டியிருக்கிற மாடுகளைப் பொறுக்கி, அதிலேயே நல்லதாகத் திரும்பத் திரும்பச் சேர்த்து, வெயில் தாங்குகிற ஒரு பரம்பரையை உண்டாக்க வேண்டும். கன்று பிறக்கும், மேடம் ஓடி வந்து தடவிப் பார்ப்பார்கள், "இதுவும் சடை" என்று முகம் தொங்கிப்போகும். அப்படித் தடவித் தடவிக் கடைசியில் சேர்ந்தவை பன்னிரண்டு. பளபளவென்று, இப்போதுதான் சவரம் செய்துகொண்டு வந்த மாதிரி இருக்கும். காகிதத்தில் அவற்றுக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. மூச்சம்மா வைத்த பெயர் மொட்டைகள். அதுதான் நிலைத்தது. பன்னிரண்டில் ஒன்பது கன்றுகளைத் தன் கையால் இழுத்து வெளியே எடுத்தவள் அவள். "என் மொட்டைங்க" என்றுதான் பேச்சே.

இந்தக் கோடையில் மேடம் முடிவான சோதனையை ஆரம்பித்தார்கள். ஒரு கொட்டகையில் பன்னிரண்டு மொட்டைகள், மைதானத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு கொட்டகையில் பன்னிரண்டு சாதாரண மாடுகள். ஒரே தீவனம், ஒரே தண்ணீர். ரெண்டு இடத்திலும் தினமும் சரியாக ரெண்டு மணிக்கு மூச்சு எண்ண வேண்டும். ஒரே நேரத்தில்! மூச்சம்மா என்ன, ரெண்டாகவா பிளந்துகொள்வாள்? இன்னொரு ஆள் தேவைப்பட்டது. அவள் தன் நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள்.

நாத்தனார் புருஷன் வீட்டோடு ஒத்துப்போகாமல் அண்ணன் வீட்டுக்கு வந்து எட்டு மாசம். வாய் கொஞ்சம் நீளம், கை சுத்தம், சொன்னதைச் சொன்னபடி செய்கிற ரகம். முதல் நாள் மூச்சம்மா அவள் கையில் டக்கைக் கொடுத்துச் சொல்லிக் கொடுத்தாள்: "இதோ பாரு, கண்ணு அங்க இங்க போகக்கூடாது. மேல்மூச்சு கீழ்மூச்சு ரெண்டையும் விடாம பாத்து எண்ணணும். ஒண்ணுகூட விட்டுடாத, என் மானம் போயிடும்."

"ஒண்ணுகூட விட மாட்டேன் அண்ணி" என்றாள் நாத்தனார். விடவும் இல்லை.

மொட்டைகள் தன் பக்கம் வந்தால் பாசத்தில் கண் சறுக்கிவிடும் என்று மூச்சம்மா தானாகவே சாதாரண மாடுகளை எடுத்துக்கொண்டாள். பாருங்கள் அவள் நேர்மையை! சாயங்காலம் ரெண்டு பேரும் மைதானத்து நடுவில் சந்திப்பார்கள். "உங்க பக்கம் சராசரி எவ்வளவு அண்ணி?" "தொண்ணூத்தாறு." "எனக்கு தொண்ணூத்தெட்டு." இப்படியே நாற்பத்தாறு நாள். மூச்சம்மா தனக்குள் கேட்டுக்கொண்டாள்: மொட்டைகளும் இந்த மூச்சுதான் வாங்குகின்றன என்றால் பதினொரு வருஷம் எதற்கு?

அதோடு போயிருந்தாலாவது பரவாயில்லை. பெரிய டாக்டர் காகிதங்களைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். சாதாரண மாடுகளுக்கு மத்தியானம் உடம்புச் சூடு நூற்றிநாலு, மூச்சு தொண்ணூற்றாறு. சரி, வெயில். மொட்டைகளுக்குச் சூடு நூற்றியொன்றரையைத் தாண்டவில்லை. ஆனால் மூச்சு மட்டும் தொண்ணூற்றெட்டு. உடம்பில் சூடே ஏறாத மாடு எதற்காக இப்படி மூச்சு வாங்க வேண்டும்? "நுரையீரல்ல ஏதோ இருக்கு" என்றார். காலையில் வந்து நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார், ரத்தம் எடுத்தார், சளி எடுத்தார். ஒன்றும் அகப்படவில்லை. "ஒண்ணும் தெரியலைங்கறதுதான் எனக்கு பயமா இருக்கு. பரவுற நோயா இருந்தா? மீதி முந்நூறு உருப்படிக்கு நான்தானே பதில் சொல்லணும்?" கெட்ட மனுஷர் இல்லை அவர். பயந்த மனுஷர். பயந்த மனுஷர் கையில் பேனா இருந்தால் என்ன நடக்கும்? மொட்டைகளைப் பண்ணையிலிருந்து கழித்துவிட உத்தரவு போட்டார். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு லாரி. அந்த லாரி எங்கே போகும் என்று பண்ணையில் யாரும் கேட்பதில்லை, எல்லாருக்கும் தெரியும்.

மூச்சம்மா கெஞ்சிப் பார்த்தாள். "டாக்டர், அதுங்க மத்தியானத்துலயும் வாய் நிறைய தின்னுதுங்க, நல்லா அசை போடுதுங்க. தொட்டில தீவனம் மிஞ்சறதே இல்ல. மூச்சு திணறுற மாடு இப்படி தின்னுமா?"

"கணக்கு நீங்க கொடுத்ததுதானம்மா" என்றார் டாக்டர். மேடம் வியாழக்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனைக்கூட அணைத்து வைத்துவிட்டார்கள். அந்த லாரியைப் பார்க்கத் தெம்பில்லை.

புதன்கிழமை சாயங்காலம். வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. மூச்சம்மா அடுப்படியில் பாத்திரங்களை நங்கு நங்கென்று வைத்துக்கொண்டிருந்தாள். அப்போது பார்த்து அவள் புருஷன், தையற்காரர், பழுது பார்க்கக் கொடுத்திருந்த தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தார். கூலிக்கு ஆள் பிடித்தால் என்ன? கேட்டால்தானே! மிஷினை இறக்கிவிட்டு நாற்காலியில் பொத்தென்று சாய்ந்தார். தொப்பை தனியாக ஆடியது.

"பாருங்க அண்ணி, அண்ணனுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குது! மொட்டைங்களை ஜெயிச்சுடுவாரு போல!" என்று நாத்தனார், வீட்டு இறுக்கத்தைத் தளர்த்துகிற எண்ணத்தில், கையில் டக்கு இருக்கிற மாதிரி மடக்கிக்கொண்டு எண்ண ஆரம்பித்தாள்.

தையற்காரர் வயிறு ஏறியது. கட்டைவிரல் அழுத்தியது. "ஒண்ணு."

வயிறு இறங்கியது. கட்டைவிரல் அழுத்தியது. "ரெண்டு."

ஏறியது. "மூணு." இறங்கியது. "நாலு."

மூச்சம்மா கையிலிருந்த கரண்டி தரையில் விழுந்து அடுப்புக்கு அடியில் போனது. அவள் அதை எடுக்கவில்லை.

"நிறுத்து! என்ன பண்ற நீ?"

"எண்ணுறேன் அண்ணி..."

"எப்படி எண்ணுற? இன்னொரு தடவை எண்ணு! என்னங்க, அப்படியே இருங்க, மூச்சு விடுங்க!"

"விடாம வேற என்ன பண்ணுவேன்?" என்றார் தையற்காரர்.

நாத்தனார் குழம்பிப்போய் மறுபடி எண்ணினாள். ஏறினால் ஒன்று, இறங்கினால் ஒன்று. "நீங்கதானே சொன்னீங்க, மேல்மூச்சு கீழ்மூச்சு ரெண்டையும் விடாதன்னு! நாற்பத்தாறு நாளும் அப்படித்தான். ஒண்ணைக்கூட விடலை அண்ணி, சத்தியமா!"

அடி ஆத்தாடி! தொண்ணூற்றெட்டில் பாதி நாற்பத்தொன்பது. மொட்டைகள் அந்தக் கொதிக்கிற வெயிலில் சாவகாசமாக மூச்சு விட்டுக்கொண்டு, அசை போட்டுக்கொண்டு, ஜம்மென்று நின்றிருக்கின்றன! நோயும் இல்லை, நொடியும் இல்லை. மூச்சம்மாவுக்கு எகிறிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. நாத்தனாரைக் கட்டிப் பிடித்தாள். அடுத்த நொடி அவள் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள். அப்புறம் தன் தலையிலும் ஒன்று வைத்துக்கொண்டாள். சொல்லிக் கொடுத்த வாய் எது? இவள் வாய்தானே!

மேடத்துக்குப் போன் போட்டாள், போன் அணைந்தே கிடந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்கே ரெண்டு பேரும் டாக்டர் அறை வாசலில் நின்றார்கள். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். பிறகு மொட்டைக் கொட்டகைக்கு வந்து ஒரு மாட்டைத் தானும் எண்ணினார், நாத்தனாரையும் எண்ணச் சொன்னார். அவருக்கு முப்பத்தொன்று. அவளுக்கு அறுபத்திரண்டு.

"பாத்தீங்களா!" என்றாள் மூச்சம்மா.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இந்த மாடுங்க மேல உங்களுக்கு உசிரு. நேத்து வீட்ல உக்காந்து ரெண்டு பேரும் பேசி வெச்சு இன்னைக்கு இப்படி எண்ணிக் காட்டலாம், இல்லையா? காலையில மூச்சு சரியாத்தான் இருக்கும்னு நானே எழுதியிருக்கேன். பிரச்சினை மத்தியானத்துல. லாரி பத்து மணிக்கு வந்துடும்."

பதினாறு வருஷத்தில் அவள் சொன்ன ஒரு எண்ணைக்கூட யாரும் சந்தேகப்பட்டதில்லை. மூக்கு நுனி சிவந்துவிட்டது. அழுவாள் என்றுதான் நாத்தனார் நினைத்தாள். மூச்சம்மாவா? "டாக்டர், இத்தனை வருஷத்துல நீங்க ஒரு நாளாவது ரெண்டு மணிக்கு இந்தக் கொட்டகைல நின்னிருக்கீங்களா?"

பக்கத்தில் தீவனம் கொட்டிக்கொண்டிருந்தவன் வாளியோடு அப்படியே நின்றுவிட்டான்.

"பன்னிரண்டையும் இப்ப அனுப்பிடுங்க. சரி. நாளைக்கு ரெண்டு மணிக்கு உங்க மனசுல ஒரு சந்தேகம் வருது. அப்ப யாரை எண்ணுவீங்க? லாரியையா? ஒரே ஒரு ரெண்டு மணி கேக்கறேன். நாங்க கை வைக்கல. நீங்களே நில்லுங்க, நீங்களே எண்ணுங்க. ஒண்ணே ஒண்ணு அறுபதைத் தாண்டினாலும் நானே கயித்தைப் பிடிச்சு ஏத்தி விடறேன்."

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மொட்டைகளை ஒரு தடவை பார்த்தார். "ரெண்டு மணி வரைக்கும்" என்றார்.

லாரி பத்து மணிக்கு டாணென்று வந்து நின்றது. டிரைவர் புலம்பினார், இன்னும் ரெண்டு இடத்துக்குப் போக வேண்டுமாம். மூச்சம்மா அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து நிழலில் உட்கார வைத்தாள். பதினோரு மணிக்கு மேடத்தின் போன் எப்படியோ உயிர் பெற்றது. இருபது நிமிஷத்தில் அந்த அம்மா ஸ்கூட்டரில் பறந்து வந்தார்கள். ஒரு காலில் கறுப்புச் செருப்பு, இன்னொன்றில் பழுப்பு. யாரும் சொல்லவும் இல்லை, அவர்கள் பார்க்கவும் இல்லை.

ரெண்டு மணி! அன்றைக்குப் பார்த்து வெயில் கொளுத்திற்று. தகரம் படபடவென்று வெடித்தது. டாக்டர் கையில் டக்கு. மூச்சம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பத்தடி தள்ளி நின்றாள். முதலில் நின்றது பெரிய மொட்டை, இவள் இழுத்துப் போட்ட முதல் கன்று. டாக்டர் கண்ணை விலாக்குழியில் பதித்தார். டக். டக். டக். அந்த ஒரு நிமிஷம் நகரவே மாட்டேன் என்று அடம் பிடித்தது. லாரி டிரைவர்கூட டீ கிளாசோடு எட்டிப் பார்த்தார்.

டாக்டர் நிமிர்ந்தார். டக்கைப் பார்த்தார். அடுத்த மாட்டுக்குப் போனார்.

"எவ்வளவு டாக்டர்?" மேடத்தின் குரல் கிரீச்சிட்டது.

"இருங்க."

மூன்றாவது. நான்காவது. சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. பன்னிரண்டாவது மாட்டை எண்ணி முடித்தவர், திடீரென்று மைதானத்தில் இறங்கி ஓட ஆரம்பித்தார். ஐம்பத்தைந்து வயசுக்காரர், வெயிலைக் கண்ணால் பார்த்தாலே குடை கேட்கிறவர், வெறுந்தலையோடு ஓடுகிறார்! எல்லாரும் பின்னால் ஓடினார்கள். சாதாரண மாடுகள் நாக்கைத் தள்ளி, எச்சில் ஒழுக, தீவனத்தைத் தொடாமல் நின்றன. டாக்டர் அங்கேயும் மூன்றை எண்ணினார்.

"தொண்ணூத்தேழு" என்றார் மூச்சிரைக்க. "இங்க தொண்ணூத்தேழு. அங்க... அங்க நாற்பத்தெட்டு! பன்னிரண்டுல ஒண்ணுகூட ஐம்பத்தொண்ணைத் தாண்டலை! மேடம், அதே வெயில், அதே தீவனம், சரிபாதி! உங்களுக்குப் புரியுதா?"

மேடத்துக்குப் புரிந்தது. அந்த அம்மா தரையில், சாணி என்றும் பாராமல் உட்கார்ந்துவிட்டார்கள். சிரிக்கிறார்களா அழுகிறார்களா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பதினொரு வருஷம், ஒரு எண்ணாக வந்து நின்றிருக்கிறது. லாரி டிரைவர் என்ன நடந்தது என்று தெரியாமலே கை தட்டினார்.

டாக்டர் உத்தரவுக் காகிதத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நாலாகக் கிழித்தார். அப்புறம்தான் அவருக்கு ஞாபகம் வந்தது. "ஆனா நாற்பத்தாறு நாள் கணக்கு வீண். பாதியா வகுத்துப் போட்டுக்க முடியாது, புதுசா எண்ணணும். இவ்வளவு பெரிய தப்பு பண்ணின பொண்ணை இனிமே..."

நாத்தனார் தலை குனிந்துகொண்டு நின்றாள். டக்கைத் திருப்பிக் கொடுக்கக் கை நீட்டிவிட்டாள்.

"தப்பு அவ விரல்ல இல்ல டாக்டர், என் வாயில" என்றாள் மூச்சம்மா. "மேல்மூச்சு கீழ்மூச்சு ரெண்டையும் விடாதன்னு சொன்னவ நான். விடாம பாத்து ஒண்ணா எண்ணுன்னு சொல்லத் தெரியாத முட்டாள் நான். நாற்பத்தாறு நாள், இந்த வெயில்ல, ஒரு நாள் லீவு போடாம, ஒரு மூச்சைக்கூட தவற விடாம எண்ணியிருக்கா. நீங்க எண்ணினதுக்கு சரியா ரெண்டு மடங்கு, ஒண்ணு கூடல, ஒண்ணு குறையல. இப்படி ஒரு ஆள் உங்களுக்கு எங்க கிடைக்கும்? எடுக்கணும்னா என்னை எடுத்துடுங்க."

மேடம் தரையில் இருந்தபடியே, "ரெண்டு பேரும் வேணும்" என்றார்கள். "நாளைக்கு ரெண்டு மணியிலிருந்து. இன்னும் இருபது நாள் இந்த வெயில் இருக்கணும்னு வேண்டிக்குங்க!" ஊரே மழை வராதா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அங்கே ஐந்து பேர் வெயிலுக்காக வேண்டிக்கொண்டார்கள். ஐந்தாவது ஆள் லாரி டிரைவர்.

வெறும் லாரி புழுதி கிளப்பிக்கொண்டு கேட்டைத் தாண்டியது. அதைப் பார்த்த பிறகுதான் மூச்சம்மா மொட்டைக் கொட்டகைக்குத் திரும்பினாள். பெரிய மொட்டையின் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஓடிய ஓட்டத்தில் இரைப்பு அடங்கவில்லை. பெரிய மொட்டை இவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வாய் நிறையத் தீவனத்தை அள்ளிக்கொண்டது.

நாத்தனார் ஆறடி தள்ளி வந்து நின்றாள். கண்ணை அண்ணியின் விலாவில் வைத்தாள். கையில் டக்கு. ஏறி இறங்கியது, ஒரு டக். மறுபடி ஏறி இறங்கியது, ஒரே ஒரு டக். ஒரு நிமிஷம் முழுசாக எண்ணி முடித்தாள்.

"முப்பத்தாறு, அண்ணி" என்றாள். "கொஞ்ச நேரம் உக்காருங்க."